மழைக்கு முன்னாடி தண்ணியில, மழைக்குப் பின்னாடி செடியில

கொச்சிப் பக்கத்துத் தீவு வல்லார்பாடம்னு சொன்னா நம்ம ஊர்ப் பக்கம் ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு மாதா கோயில். செப்டம்பர் 24 பெருநாளுக்குத் தமிழ்நாட்டுலேருந்தும் ஆட்கள் வந்து போறாங்க. இன்னொண்ணு 2011-ல திறந்த கன்டெய்னர் டெர்மினல். கோயில்ல, கொச்சி ராஜாவோட மந்திரி பாலியத்தச்சன் கொடுத்ததா சொல்ற தூக்குவிளக்கு எரியுது. டெர்மினல்ல விடிய விடிய உயரக் கம்பத்து விளக்கு எரியுது. இவ்வளவு வெளிச்சமான தீவுல மின்மினியை எங்கக்கா பார்க்கிறதுன்னு நீங்க கேட்டா, கேள்வி நியாயம்தான்.

இருக்கு தங்கச்சிங்களா. டெர்மினலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடந்தா போதும். தெருவிளக்கு எட்டாத தென்னந்தோப்பு, கண்டல் (அலையாத்தி) மரம் நிக்கிற காயலோரம், யாரும் கூட்டிப் பெருக்காத பழைய வீட்டு முற்றம், இங்கெல்லாம் இன்னும் மினுக்குது. அக்கா இந்தத் தீவுல குடித்தனம் பண்றவ. லீவுக்கு வர்ற உங்களுக்கும், கொச்சிப் பக்கம் புதுசா வீடு பிடிச்சு வந்திருக்கிற உங்களுக்கும் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல நாள் பார்த்துக்கோங்க. இங்க பெருமழை 'இடவப்பாதி'ன்னு ஜூன் தொடக்கத்துல இறங்கும். அதுக்கு முன்னாடி ஏப்ரல், மே மாசத்துல சாயங்கால இடியோட கோடைமழை வரும். மின்மினியோட கணக்கு அந்தக் கோடைமழையிலதான் ஆரம்பிக்குது. மண்ணு நல்லா நனைஞ்ச பிறகு, பெருமழை பிடிச்சுக்கிறதுக்குள்ள, நடுவுல இருக்கிற வாரங்கள்தான் பார்க்கிறதுக்கு நல்ல காலம். நம்ம பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவும் அப்பத்தான். கொட்டுற மழையில அது பறக்காது. மழை ஓஞ்சு, காத்து நின்னு, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு புழுங்குதே, நமக்குப் பிடிக்காத அந்த ராத்திரிதான் அதுக்குப் பிடிச்ச ராத்திரி. காலண்டர்ல அமாவாசை எப்பன்னு பார்த்து அதை ஒட்டி வாங்க. நேரம்னு பார்த்தா, இருட்டினதுலேருந்து எட்டரை மணி வரைக்கும் போதும். பிள்ளைங்களுக்குச் சாப்பாட்டை முன்னாடியே கொடுத்துடுங்க. பசியில இருக்கிற குழந்தை இருட்டுல அரை மணி நேரம் சும்மா உக்காராது.

கோடைமழை இன்னும் வராத மார்ச், ஏப்ரல்ல வந்துட்டீங்களா? கவலைப்படாதீங்க, அதுக்கு வேற ஒரு வெளிச்சம் இருக்கு. கும்பளங்கிப் பக்கம் போங்க. வெயில் ஏற ஏற காயல் தண்ணியில உப்பு கூடும். அப்ப அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிர்கள் பெருகும். ராத்திரி தண்ணியைக் கையால அலசினா நீலமா ஒளி விடும். இங்க அதுக்குப் பேரு கவரு. 2019-ல வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்துல பார்த்திருப்பீங்க. அந்தப் படத்துக்கு அப்புறம் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். உப்பைத் தாங்கிற பொக்காளி நெல்லு வயல்ல அறுப்பு முடிஞ்ச பிறகு நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் உப்புத் தண்ணி விட்டு இறால் வளர்ப்பாங்க. அந்த மாதிரி தேங்கின தண்ணியில கவரு நல்லாத் தெரியும். அது ஒருத்தரோட பிழைப்பு நடக்கிற இடம். வரப்புல நின்னு கேட்டுட்டு இறங்குங்க, கல்லை விட்டெறிஞ்சு வேடிக்கை பார்க்காதீங்க.

நல்ல மழை நாலு பெஞ்சா உப்பு குறையும், கவரு அடங்கிடும். அதே மழைதான் மண்ணை நனைச்சு மின்மினியைக் கிளப்பி விடுது. அதனால ஒரே பயணத்துல ரெண்டையும் பார்த்துடலாம்னு டிக்கெட் போடாதீங்க. எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க.

பார்க்கப் போற ராத்திரி

டார்ச் இல்லாம போகச் சொல்ல மாட்டேன், பாம்பு இருக்கிற ஊரு. ஆனா டார்ச் கண்ணாடி மேல சிவப்பு செலோபேன் காகிதத்தை ரெண்டு மடிப்பா சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க. பூ பொக்கே சுத்தி வர்ற காகிதம் போதும், காசு செலவே இல்லை. வெளிச்சத்தைக் காலடியில மட்டும் விழ வைங்க. போய் உக்காந்ததும் அதையும் அணைச்சிடுங்க. நம்ம கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். நடுவுல ஒருத்தர் வாட்ஸ்அப் பார்த்தாப் போச்சு, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். போனை எல்லாருமா ஒரு துணிப் பையில போட்டு வெச்சிடுங்க. வீடியோ எடுக்கணும்னு ஆசைப்பட்டாலும் சாதாரண போன்ல கறுப்புதான் விழும். ட்ரைபாட் வெச்சு ரொம்ப நேரம் திறந்து வைக்கிற கேமராவுக்குத்தான் அது சிக்கும்.

எல்லாரும் பண்ற ஒரு விஷயம், மேல பறக்கிறதை மட்டும் பார்த்துட்டு வந்துடறது. முழங்காலுக்குக் கீழ பாருங்க. பெரும்பாலும் பறந்துக்கிட்டே மினுக்கிறது ஆண். பெண் புல்லுலயோ தாழ்ந்த செடியிலயோ உக்காந்திருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தாளம் உண்டு. ஆண் மினுக்கின பிறகு, கொஞ்சம் விட்டு, புல்லுக்குள்ளேருந்து மங்கலா ஒரு பதில் வரும். ஆண் திசை திரும்பி அந்தப் பக்கம் இறங்கும். இதை ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டா பிள்ளைங்க அப்புறம் சத்தமே போட மாட்டாங்க. டார்ச், பைக் ஹெட்லைட், வாசல் பல்பு எல்லாம் ஏன் கெடுதல்னு அப்ப தனியா பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பதில் வெளிச்சத்துல காணாமப் போயிடும், அவ்வளவுதான்.

அதனால புல்லுக்குள்ள இறங்கி நடக்காதீங்க. மகாராஷ்டிராவுல பண்டார்தரா பக்கம் மே, ஜூன்ல மின்மினி பார்க்கன்னே கார் காரா கூட்டம் போகுது. ஹெட்லைட்டும் மிதியும் சேர்ந்து, எதைப் பார்க்க வந்தாங்களோ அதையே அழிக்குதுன்னு அங்க பல வருஷமா புலம்பல். பாதையிலயே நில்லுங்க.

பாட்டில்ல பிடிக்கிறது நம்ம சின்ன வயசு விளையாட்டு, ஒத்துக்கிறேன். ஆனா வளர்ந்த மின்மினியோட ஆயுசே சில வாரம்தான். உள்ளங்கையில ஒண்ணு தானா வந்து உக்காந்தா பிள்ளைக்குக் காட்டுங்க. சுடாது, அந்த ஒளியில சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஓடோமாஸ் தேய்ச்ச கையால மட்டும் தொட வேண்டாம். கொசுவுக்கு முழுக்கை சட்டை, முழு பேன்ட், கணுக்கால் மூடுற ஷூ. நைட்டி, ரப்பர் செருப்போட கிளம்பாதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம், கண்டிப்பா சொல்லணும். மழைக்காலத்துல கேரளாவுல எலிக்காய்ச்சல் வருஷா வருஷம் வருது. எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல இருக்கிற சின்ன வெடிப்பு வழியாக்கூட உள்ள போகும். தேங்கின தண்ணியில, சேத்துல வெறுங்காலோட இறங்காதீங்க. இறங்கின பிறகு காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா டாக்டர்கிட்ட "தண்ணியில இறங்கினேன்"னு முதல்லயே சொல்லிடுங்க. பாம்பு கடிச்சா கட்டு இறுக்கிப் போடறது, கீறி விடறது எல்லாம் வேண்டாம். அசையாம உக்கார வெச்சு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போகணும்.

பகல்ல மரம், ராத்திரியில பூச்சி

மின்மினியைப் பார்க்கப் போற அன்னைக்குக் காலையிலயே செடியைப் பார்த்து வெச்சுக்கிறது நல்லது. எர்ணாகுளத்துல ஹைகோர்ட்டுக்குப் பின்னாடி மங்களவனம்னு ஒரு சின்னக் காடு இருக்கு. 2.74 ஹெக்டேர்தான், 2004-லேருந்து பறவைகள் சரணாலயம். நகரத்துக்கு நடுவுல கண்டல் மரத்தைக் கிட்ட நின்னு பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. உப்பட்டி மரம், மண்ணுலேருந்து குச்சி குச்சியா வேரை மேல நீட்டி மூச்சு விடும். நம்ம பிச்சாவரத்துல சுரபுன்னைன்னு சொல்றதுல ஒண்ணு இங்க பிராந்தன் கண்டல். நாலு பக்கமும் கால் ஊன்றி நிக்கும். நீலப்பூ பூக்கிற முள்ளுச்செடி சுள்ளிக்கண்டல், நமக்குக் கழுதைமுள்ளி. அங்க பார்த்து அடையாளம் பிடிச்சுட்டு, ஹைகோர்ட் பக்கத்துலேருந்தே கோஸ்ரீ பாலம் வழியா பஸ் ஏறினா போல்காட்டி தாண்டி வல்லார்பாடம். இந்தப் பாலம் வந்ததும் 2004-லதான். அதுக்கு முன்னாடி இங்க எல்லாத்துக்கும் படகுதான்.

இங்க ஒரு மரம், மலேசியாவுல இருக்கிற நம்ம சொந்தக்காரங்களுக்கும் தெரிஞ்ச மரம். சக்கரக்கண்டல். கோலாசிலாங்கூர்ல கம்போங் குவாந்தான் ஆத்துல ராத்திரி படகுல கூட்டிட்டுப் போய் மரம் முழுக்க மின்மினி காட்டுவாங்களே, அந்த பெரெம்பாங் மரமும் இதே இனம்தான். அங்க மின்மினி மரத்துல கூடி ஒண்ணாச் சேர்ந்து மினுக்கும். இங்க அந்தக் காட்சியை எதிர்பார்த்து வராதீங்க, ஏமாந்துடுவீங்க. ஆனா மரத்துக்குன்னே வரலாம். பொழுது சாயும்போது அதோட பூ விரியும். அடி சிவப்பும் நுனி வெள்ளையுமா கேசரம் கொத்தா நீட்டிக்கிட்டு நிக்கும். வௌவால் தேன் குடிக்க வரும். விடியும்போது அந்தக் கேசரமெல்லாம் உதிர்ந்து தண்ணியில மிதக்கும்.

தொடக்கூடாததும் ரெண்டு இருக்கு. கண்ணாம்பொட்டின்னு இங்க சொல்றது வேற எதுவும் இல்லை, சிதம்பரத்துத் தலவிருட்சம் தில்லைதான். கிள்ளினா வர்ற பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. இன்னொண்ணு ஒதளம். காய் பச்சையா, மாங்காய் மாதிரியே இருக்கும். உள்ள இருக்கிற பருப்பு இதயத்தையே நிறுத்திடும். பிள்ளைங்க கையில எடுத்தா வாங்கித் தூரப் போட்டுட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்க.

கண்டல் நாத்தைப் பிடுங்கிட்டு வந்து தொட்டியில வைக்கலாமான்னு கேக்காதீங்க. கடலோர ஒழுங்குமுறை விதிகள்ல கண்டல் காடு முதல் வகைப் பாதுகாப்புல வருது. நடணும்னு ஆசை இருந்தா கண்ணூர் கல்லேன் பொக்குடனைப் பத்திப் படிங்க. பழையங்காடிப் பக்கம் 1989-ல தன் கையால நட ஆரம்பிச்சவர், 2015-ல சாகிற வரைக்கும் விடலை. கண்டல் பொக்குடன்னாதான் ஊருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வர வைக்கிறது

இதுலதான் அக்காவுக்குப் பேச நிறைய இருக்கு. மின்மினி பறக்கிறது அதோட வாழ்க்கையில கடைசி அத்தியாயம். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அது புழுவா மண்ணுல, சருகுக்கு அடியில கிடக்கும். ஒரு மழை ராத்திரிக்கு மறுநாள், தென்னை அடியில மக்கிக் கிடக்கிற மட்டையை மெதுவாத் தூக்கிப் பாருங்க. கறுப்பா, தட்டையா, கட்டுக்கட்டா ஓடு அடுக்கின உடம்போட ஒரு புழு, சின்ன நத்தையோட ஓட்டுக்குள்ள தலையை நுழைச்சுக்கிட்டு இருக்கலாம். நத்தையைக் கடிச்சு, அதோட சதையைக் கரைச்சு உறிஞ்சுறதுதான் அதோட சாப்பாடு. ராத்திரியில பார்த்தா வால்பக்கம் ரெண்டு புள்ளி பச்சையா மினுங்கும். அதைப் பார்த்து அட்டைன்னு நினைச்சு உப்பு போடறவங்கதான் அதிகம். மட்டையைத் திரும்ப இருந்த மாதிரியே வெச்சிடுங்க.

ஆக, மின்மினிக்கு வேணும்கிறது மண்ணு, ஈரம், சருகு, நத்தை, இருட்டு. நம்ம வீட்டுல நாம முதல்ல ஒழிக்கிறதும் இதே அஞ்சுதான்! கேரளாவுல இப்ப புது வீடுன்னா முற்றம் முழுக்க இன்டர்லாக் கட்டை பாவுறது வழக்கமாயிடுச்சு. என்னைக் கேட்டா பல்பைவிடப் பெரிய எதிரி அந்தக் கட்டைதான். பல்பை அணைச்சா இருட்டு உடனே வந்துடும், கட்டைக்கு அடியில போன மண்ணு அப்படி வராது. கார் நிக்கிற இடத்துக்கு மட்டும் போடுங்க. மதில் ஓரம் ரெண்டு முழமாவது மண்ணா விடுங்க.

அந்த ரெண்டு முழத்துல என்ன வைக்கலாம்? வல்லார்பாடத்துல கோடையில கிணத்துத் தண்ணியும் உப்புக் கரிக்கும். நர்சரியில பார்த்த ரோஜாவை வாங்கி வந்து வைக்கிறவங்க மே மாசத்துல அழுவாங்க. உப்பைத் தாங்கிற நம்ம மரம் இருக்கு: பூவரசு, புன்னை, நீர்ப்பருத்தி. இடம் இருந்தா மூலையில தாழை. தரையில நீர்ப்பிரமியைப் பரத்தி விடுங்க, உப்பு கலந்த சேத்துலயும் படரும், வெள்ளைப் பூவும் பூக்கும். வாசலுக்கு வெட்சி, இங்க செத்தின்னு சொல்றது. குழாய்த் தண்ணி அரிதான தீவு இது, அதனால அரிசி கழுவின தண்ணியை வாழை அடியில ஊத்துங்க. வாழைக்கட்டை சுத்தி எப்பவும் ஈரம் இருக்கும். மின்மினிப் புழுவுக்கு அதுவே போதும்.

அப்புறம் தசபுஷ்பம். கர்க்கடகத்துல, அதாவது நம்ம ஆடி மாசத்துல, மலையாளப் பெண்கள் தலையில சூடுற பத்து சின்னச் செடிகள். அருகம்புல், கரிசலாங்கண்ணி, சிறுபீளை, விஷ்ணுகிரந்தி, முயற்செவி, முடக்கத்தான், நிலப்பனை... தொட்டா இலை சுருங்குற முக்குற்றியும் அதுல ஒண்ணு. எதையும் நட வேண்டியதில்லை. புல்லுவெட்டி மெஷினை ஒரு மழைக்காலம் ஓட்டாம விட்டாலே பாதி தானா முளைக்கும். தோட்டக்காரர் களைன்னு பிடுங்கிற இந்தச் செடிங்க பலதுக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'ல படம் இருக்கு தெரியுமா? கொச்சியில டச்சுக் கவர்னரா இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன்கிற நாட்டு வைத்தியரையும் மூணு கொங்கணி வைத்தியர்களையும் உக்கார வெச்சுக் கேட்டு எழுதின புத்தகம். 1678-லேருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 தொகுதியா அச்சாச்சு, 742 செடி. கே.எஸ்.மணிலால் பண்ணின இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை 2003-ல கேரளப் பல்கலைக்கழகம் போட்டிருக்கு. லைப்ரரியில கிடைச்சா பிள்ளைங்களோட படம் பாருங்க, படத்துக்காகவே பார்க்கலாம்.

ஒரு செடியை மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க. மஞ்சள் பூ பூத்து, பச்சைக் கம்பளம் விரிச்சாப்ல படர்றதே, சிங்கப்பூர் டெய்சி. வெடேலியான்னும் விப்பாங்க. ஒரு துண்டு போதும், ரெண்டு வருஷத்துல தசபுஷ்பத்துல ஒண்ணைக்கூட விட்டு வைக்காது.

சருகைக் கூட்டி சாயங்காலம் தீ வைக்கிற பழக்கம் இங்க பல வீட்டுல உண்டு. கூட்டுங்க, ஆனா கொளுத்தாதீங்க. தென்னை அடியில, வாழை அடியில ஒதுக்கிப் போடுங்க. உரமும் ஆச்சு. ஆப்பிரிக்க நத்தை தொல்லை இருக்கிற வீட்டுல விஷக் குருணை தூவாதீங்க, சின்ன நத்தையும் புழுவும் சேர்ந்து போயிடும். ஈரச் சாக்குல பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ வெச்சு ராத்திரி தோட்டத்துல போடுங்க. காலையில அதுக்குள்ள வந்து ஒண்டியிருக்கிற பெரிய நத்தையை மட்டும் பொறுக்கி உப்புத் தண்ணியில போட்டுடலாம். கையுறை முக்கியம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கிற ஒட்டுண்ணி அந்த நத்தையில இருக்கலாம்.

கொசுவுக்கு என்னக்கா பண்றதுன்னு கேப்பீங்க. கொச்சிக் கொசுவைப் பத்தி எனக்குச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் அடிக்கிற கொசுப்புகை கொசுவையும் மின்மினியையும் பிரிச்சுப் பார்க்காது. வாரம் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, சிரட்டை எல்லாத்தையும் கவிழ்த்து விடுங்க. தொட்டியில, சின்னக் குளத்துல மானத்துக்கண்ணி மீன் நாலு விடுங்க. நம்ம நாட்டு மீன்தான், கொசுப்புழுவைத் தேடித் தின்னும்.

விளக்கு விஷயத்துல ஒரு பாதி உண்மை சுத்திக்கிட்டு இருக்கு: வெள்ளை எல்இடி-க்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டா போதும்னு. வெள்ளையைவிடப் பல பூச்சிக்கு மஞ்சள் தேவலை, சரி. ஆனா மின்மினி விடற ஒளியே மஞ்சளும் பச்சையும் கலந்ததுதானே, அது நம்ம மஞ்சள் பல்புல கரைஞ்சு போகாதா? சீசன்ல ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் வெளி விளக்கை அணைக்கிறதுதான் நேரான வழி. பயமா இருந்தா ஆள் வந்தா மட்டும் எரியற சென்சார் பல்பு, கீழ மட்டும் வெளிச்சம் விழற மூடியோட போடுங்க. ஜன்னலுக்குத் திரை இழுத்து விடுங்க. பக்கத்து வீட்டு சேச்சிக்கிட்ட கேட்டா அவங்களும் அணைப்பாங்க. "மின்னாமினுங்கு பார்க்க"ன்னு சொன்னா இங்க யாரும் முகம் சுளிக்கிறதில்லை.

ஊர்ல இருக்கிறவங்க, "இதெல்லாம் கேரளாவுக்குத்தான்"னு நினைக்காதீங்க. 2022 ஏப்ரல்ல ஆனைமலை புலிகள் காப்பகத்துல, டாப்ஸ்லிப் பக்கம் உலாந்தி வனச்சரகத்துல, லட்சக்கணக்கான மின்மினி ஒரே நேரத்துல சேர்ந்து மினுக்கிறதை வனத்துறையும் ஒளிப்படக் கலைஞர் ஸ்ரீராம் முரளியோட குழுவும் பதிவு பண்ணினாங்க. ராத்திரியில அந்தக் காட்டுக்குள்ள நாம போக முடியாது, போகவும் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வீட்டுக்கும், தஞ்சாவூர் வாய்க்கால் ஓரத்து வீட்டுக்கும் மேல சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். உப்பைத் தாங்கிற மரம்கிற பேச்சை மட்டும் விட்டுடலாம்.

செடி வளர ஒரு மழைக்காலம் ஆகும், சருகு மக்க அதைவிடக் கொஞ்சம் கூட ஆகும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த அமாவாசைக்கு முன்னாடி உங்க வாசல் பல்பை அணைக்கப் பழகுங்க, மதில் ஓரத்துல புல்லு வெட்டறதை நிறுத்துங்க. மீதியை மழை வந்த பிறகு பார்த்துக்கலாம்.